ஒட்டுப்போர்வையும் வாசற்கோலமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சென்ற செயற்குழுக் கூட்டத்தில், நம் காலனிப் பெண்டிருக்குக் கைத்தொழில் ஒன்று தொடங்கித் தருவது பற்றிய பேச்செழுந்தது. ஊறுகாய் போடலாம் என்றார் ஒருவர். மெழுகுவர்த்தி என்றார் இன்னொருவர். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கலாம் என்றார் மற்றொருவர். நாம் ஒட்டுப்போர்வை என்றோம். அவையில் சிலர் நகைத்தனர். கந்தலை ஒட்டிப் போர்த்திக்கொள்வது வறுமையின் அடையாளமாயிற்றே, அதுவும் ஒரு தொழிலா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அந்த நகைப்புக்கு விடை கூறும் பொருட்டே செயலாளர் அவர்கள் இன்று நமக்கு இம்மேடையில் அரைமணி நேரம் அளித்திருக்கிறார்.

ஒட்டுப்போர்வை என்று நாம் குறிப்பிடுவது யாது? மூன்றடுக்கு உடையது அது. மேலடுக்கு, பல நிறத் துணித்துண்டுகளை ஓர் ஒழுங்கில் இணைத்துத் தைத்தது. நடுவடுக்கு பஞ்சாகவோ பழந்துணியாகவோ இருக்கும். கீழடுக்கு ஒரே துணி. மூன்றும் நழுவாமல் நிற்க, ஊசியை மேலும் கீழுமாக ஓட விட்டு, போர்வை முழுவதும் ஓட்டுத் தையல் இடுவர். நம் பாட்டிமார் நைந்த பருத்திச் சேலைகளை நாலைந்தாக அடுக்கித் தைத்து, பிறந்த குழந்தையை அதன்மேல் கிடத்தினார்களே, அதுவும் இவ்வினமே. இந்த மலையில் பனிக்காலத்து இரவு எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கம்பளியும் போர்வையும் இன்றி உடும்பஞ்சோலையில் ஒரு குடும்பம் மார்கழியைக் கடக்க இயலாது.

ஆயினும் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். குளிரை விற்று நாம் பிழைக்க முடியாது. பானிப்பட்டில் பழங்கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கி, இயந்திரத்தில் நெய்த கம்பளிகள் வண்டி வண்டியாக வருகின்றன. செயற்கை நூலில் செய்த மெத்தென்ற போர்வைகளும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வெறும் கதகதப்பு வேண்டுவோர் அவற்றையே வாங்குவர், வாங்கட்டும். ஊசி பிடித்த ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பு, அந்த விலைக்கு ஒருபோதும் ஈடு கொடுக்காது. நாம் விற்கக்கூடியது போர்வையின் மீதுள்ள மாதிரி ஒன்றுதான். டிசைன் என்கிறோமே, அது. துணியைப் பிறர் நெய்யலாம், நூலைப் பிறர் நூற்கலாம். மாதிரி நம்முடையதாக இருந்தால் தொழில் நம்முடையது. சீருடைத் தையலில் துணி, அளவு, கூலி மூன்றையும் பிறரே வரையறுக்கின்றனர். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அடுத்த ஆண்டு அக்கூலி அரைக்கால் பங்குகூட உயர்வதில்லை என்பதைத் தைத்த தாய்மார்கள் அறிவர்.

மாதிரிக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று கேட்பீர்கள். நம் சோழமண்டலக் கரையின் வரலாறே இதற்குச் சான்று. நாகப்பட்டினம், பழவேற்காடு, மசூலிப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து, எழுதுகோலால் பூவும் கொடியும் தீட்டிய பருத்தித் துணிகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன. கட்டில் விரிப்பாகவும் போர்வையாகவும் சீமாட்டிகள் அவற்றை விரும்பி வாங்கினர். அந்நாட்டு நெசவாளர் பிழைப்பு கெட்டது. 1686-இல் பிரான்சு அரசு அத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 1721-இல் மற்றொரு சட்டமும் இயற்றியது. சாயம் போகாத நிறத்துக்கும், கண்ணைப் பறித்த மாதிரிக்கும் அஞ்சி, இரண்டு பேரரசுகள் சட்டம் இயற்றின என்றால் அதை என்னென்பது! அத்துணி கிடைப்பது அரிதானபின், சிறு துண்டு கிடைத்தாலும் அதிலுள்ள பூவையும் பறவையையும் கத்தரித்து எடுத்து, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்துப் போர்வையாக்கினர் மேல்நாட்டுப் பெண்டிர். அமெரிக்காவில் இன்று அருங்காட்சியகங்களில் காக்கப்படும் பழைய ஒட்டுப்போர்வைகள் சிலவற்றில் நம் நாட்டு எழுத்துத் துணியின் துண்டுகள் இருக்கின்றன.

அமெரிக்கா என்றவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. சற்று விரித்துச் சொல்லுவோம். அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த ஒரு சிற்றூர் உண்டு. ஜீஸ் பெண்ட் என்பது அதன் பெயர். அடிமைகளாகப் பருத்தி பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, வேலைச் சட்டை இவற்றையே வெட்டிப் போர்வை தைத்தனர். காட்சிக்காகத் தைத்ததல்ல, பிள்ளைகள் குளிரில் நடுங்காமலிருக்கத் தைத்தது. 1966-இல் அவ்வட்டாரத்துப் பெண்கள் கூடி ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். 2002-இல் அவர்கள் போர்வைகள் ஹியூஸ்டன் நகரிலும், பின்னர் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில், ஓவியங்களைத் தொங்கவிடுவது போலத் தொங்கவிடப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. புகழ் வந்தது, உடனே வழக்கும் வந்தது. தங்கள் மாதிரிகளால் ஈட்டிய பொருளில் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று அப்பெண்களில் சிலர் 2007-இல் நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டில் அது தீர்வுக்கு வந்தது. இந்த இரண்டாம் பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

நம் நாட்டிலும் இக்கலைக்குப் பஞ்சமில்லை. வங்கத்தில் காந்தா, பீகாரில் சுஜனி என்று பழஞ்சேலைத் தையல்கள் பெயர் பெற்றவை. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து பல தலைமுறைகட்கு முன் வந்தோரின் வழித்தோன்றல்களான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே செல்வார்கள். முடிவில் நான்கு மூலையிலும் முக்கோணத் துண்டுகளை மடித்துப் பூவாக வைப்பார்கள். அப்பூ இல்லாத போர்வை அம்மணமானது என்பது அவர்கள் வழக்கு. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளும், வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவையே. ஆகவே ஒட்டுத்தையல் தமிழருக்குப் புதிதன்று. தேருக்கு அணிகலனாகும் கைவேலை, வீட்டுக்கு வந்தால் மட்டும் கந்தலாகிவிடுமா?

நமக்கு மிக அருகிலுள்ள சான்று மூணாற்றில் இருக்கிறது. அங்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த, உடற்குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகளுக்காகச் சிருஷ்டி என்னும் அறநிலையம் 1991-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. அதன் ஒரு பிரிவு ஆரண்யா நேச்சுரல்ஸ். யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல், அவுரி முதலியவற்றிலிருந்து சாயம் எடுத்து, துணியை மடித்தும் முடிச்சிட்டும் பலகையிடை நெருக்கியும் நனைத்து, மாதிரி எழுப்புகின்றனர். பருத்தி தானே சாயத்தை ஏற்பதில்லை. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைத்துப் படிகாரமும் ஊட்டினால்தான் நிறம் பற்றும். பொறுமை வேண்டும் தொழில் அது. இப்பிள்ளைகளுக்குப் பொறுமை உண்டு. எந்தத் தோட்டத்திலும் பேர்ப்பதிவு ஏறாத கைகள் அவை. இன்று அக்கைகள் முடிச்சிட்ட துணியைக் கடல் கடந்தும் வாங்குகின்றனர். ஒரு முடிச்சைப் போல் மற்றொரு முடிச்சு அமைவதில்லை. ஆதலால் ஒரு துணியைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. இயந்திரத்துக்குக் குறையாகத் தோன்றும் இதனையே அங்கு விலையாக்கினார்கள். மூணாறு செல்லும் அன்பர்கள் தேயிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், அங்கும் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் மாதிரி எங்கே இருக்கிறது? நூலகத்தில் தேட வேண்டாம். மேல்நாட்டுப் படப் புத்தகம் வரவழைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் விடியலில் நம் வாசலில் எழுதிப் பகலில் மிதித்து அழிக்கிறோமே, அங்கே இருக்கிறது. நம் வீடுகளில் கோலநோட்டு இல்லாத வீடு எது? கணவர் மாற்றலாகி எங்குச் சென்றாலும் பெட்டியின் அடியில் அந்த நோட்டும் உடன் செல்கிறது.

கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரு வகையுண்டு. நேர்ப்புள்ளி வைத்தால் புள்ளிகளுக்கிடையில் சதுரங்கள் தாமே அமைகின்றன. ஆகவே நேர்ப்புள்ளிக் கோலங்களைச் சதுரமாகவும், சதுரத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணமாகவும் துணியில் மாற்றலாம். இடைப்புள்ளியின் அழகு வேறு. ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை என்கிறோமே, அதை எண்ணிப் பாருங்கள். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. ஆக 37 புள்ளிகள். இனி அறுகோணத் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு, அதற்கும் வெளியே பதினெட்டு. கூட்டினால் அதுவும் 37. அதாவது, நம் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் ஏழு புள்ளிக் கோலம், மேல்நாட்டார் அறுகோணப் பூவென்று பெருமையுடன் தைக்கும் ஒட்டுப்போர்வை மாதிரியின் கணக்கேதான். ஒரு புள்ளிக்கு ஒரு துண்டு. பழைய தபால் அட்டையை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலால் நிறுத்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தபின் அட்டையை உருவிவிட வேண்டும். இதற்குத் தையல் இயந்திரமே வேண்டியதில்லை. வாசற்படியில் அமர்ந்து பேசிக்கொண்டே செய்யலாம்.

சிக்குக் கோலத்தை என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டாள். வளைந்து வளைந்து ஓடும் அக்கோட்டைத் துணியாக வெட்ட முயன்றால் அழுகைதான் மிஞ்சும். அதை மூன்றடுக்கையும் பிணைக்கும் ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை நிறத் துணியில், சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, வெண்ணூலால் சிக்குக் கோலத்தைத் தைத்துப் பாருங்கள். தையலும் உறுதி, கோலமும் நிற்கும்.

இனிக் கணக்கு. கணக்கின்றிப் பேசினால் குமாஸ்தா என்று நம்மை யாரும் நம்ப மாட்டார்கள். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். 3 அங்குலச் சதுரங்களால் அமைத்தால் 600 துண்டுகள் வேண்டும். 6 அங்குலச் சதுரங்களால் அமைத்தால் 150 போதும். ஒவ்வொரு துண்டுக்கும் நாற்புறமும் தையலுக்கென்று கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஆகவே 3 அங்குலச் சதுரத்துக்கு மூன்றரை அங்குலம் வெட்டுகிறோம். அதில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் தையலுக்குள் மறைந்துபோகிறது. 6 அங்குலச் சதுரத்துக்கு ஆறரை அங்குலம் வெட்டுகிறோம். மறைவது 15 பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறு துண்டு கண்ணுக்கு அழகு. துணியையும் நேரத்தையும் அது தின்றுவிடும். ஆகவே மாதிரி வரையும்போதே விலையும் வரையப்படுகிறது. கட்டக் கணக்கு நோட்டில் முதலில் வரைந்து, ஒவ்வொரு நிறத்திலும் எத்தனைத் துண்டு என்று எண்ணி எழுதிய பின்னரே கத்தரியைத் தொட வேண்டும்.

துணியில் எச்சரிக்கை வேண்டும். திருப்பூரிலிருந்து எடைக்கு வரும் பனியன் துண்டுகள் மலிவானவை. ஆனால் அவை இழுபடும். சதுரம் சதுரமாக நில்லாது. நெய்த பருத்தித் துணியே தக்கது. தையற்கடைகளில் சட்டைத் துணியின் வெட்டுத்துண்டு கிடைக்கும். கீழடுக்குக்குச் சென்னிமலைக் கைத்தறி விரிப்பைக் காட்டிலும் தகுந்தது வேறில்லை. எதை வாங்கினாலும் நனைத்துக் காயவைத்த பின்பே வெட்டுக. முதற் சலவையில் ஒரு துண்டு சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் போர்வை கோணிக்கொள்ளும். சாயம் போகுமா என்று அறிய, ஈரத்துண்டை வெள்ளைத் துணியிடை வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். 1958-இல் கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்பவர் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை அமெரிக்க வணிகர் ஒருவருக்கு விற்றார். அது நியூயார்க்கில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகிச் சலவையில் நிறம் ஓடியது. வாங்கியவர்கள் சினந்தனர். அப்புறம் நிறம் ஓடுவதே இத்துணியின் அருங்குணம் என்று விளம்பரம் செய்து, அதையே பெருமையாக்கி விற்றார்களாம்! வணிகச் சாமர்த்தியம் அது. நமக்கு அந்தச் சாமர்த்தியம் கைவராது. நாம் துணியை முன்னதாகவே அலசிவிடுவோம்.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன அந்த வழக்குக்கு வருவோம். அத்தகைய வழக்கு தொடுக்கத்தக்க நிகழ்ச்சி நம் காலனியிலேயே நடந்திருக்கிறது. இவ்வவையில் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், தம் கோலநோட்டிலிருந்த தாமரை மாதிரியில் ஒரு போர்வை தைத்தார். அதற்கு அவருக்கு ஏறக்குறைய நாற்பது நாள் பிடித்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் பேரம் பேசி அதை வாங்கிச் சென்றார். மறு ஆண்டு அதே தாமரை, அதே நிற அடுக்கு, மூலையில் அச்சகோதரி துணி போதாமையால் வைத்த பச்சைத் துண்டு உட்பட, அச்சுத் துணியாகக் கடையில் தொங்கியது. அச்சகோதரிக்குக் கிடைத்தது ஒரு போர்வையின் விலை. அதுவும் நாட்கூலிக்குக் கணக்கிட்டால், ஏலத்தோட்டத்தில் களை எடுப்பவர் பெறுவதில் பாதிகூடத் தேறாது. அவர் பெயரையும் வியாபாரியின் பெயரையும் இம்மேடையில் சொல்லோம். ஆனால் அவர் அதன்பின் ஊசியைத் தொடவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. பவானி ஜமக்காள நெசவாளரும் பல ஆண்டுகளாக, விசைத்தறிப் போலிகளால் இதே துன்பத்தைத்தான் முறையிட்டு வருகின்றனர்.

சட்டம் உதவாதா? ஓரளவு உதவும். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, புதிதாக வரைந்த மாதிரியைக் கொல்கத்தாவிலுள்ள அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு பத்தாண்டு செல்லும்; மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆனால் வெளியில் காட்டுவதற்கு முன் பதிய வேண்டும். கடையில் தொங்கவிட்டபின் ஓடினால் பயனில்லை. பரம்பரையாக எல்லோரும் போடும் கோலத்தை என்னுடையது என்று யாரும் பதியவும் இயலாது, அது சரியே. கோலத்திலிருந்து புதிதாக ஓர் அமைப்பை உருவாக்கினால்தான் அது பதிவுக்குரியது. பதியத்தக்க மாதிரியைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் செய்துவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காவலும் போய்விடும். ஆகவே எதைப் பதிவது, எதை விடுவது என்று கூடியிருந்து முடிவு செய்ய வேண்டும். தனியொரு பெண் கொல்கத்தாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. சங்கம் செய்ய முடியும். ஊறுகாயை விட்டு ஒட்டுப்போர்வையைச் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் வாதிடுவது இதனால்தான். ஊறுகாய் போடத் தாய்மார்களுக்கு நம் துணை வேண்டாம்.

நம் யோசனை இவ்வளவே. மாதிரிகளுக்கு ஒரு பேரேடு வைப்போம். வரைந்தவர் பெயர், நாள், துண்டுக் கணக்கு, பிடித்த மணி நேரம் எல்லாம் அதில் ஏறட்டும். ஒரே மாதிரியை வேறொருவர் தைத்தால், தைத்தவர்க்குத் தையற்கூலி. வரைந்தவர்க்கு ஒரு பங்கு. விலையைத் துணிக்கணக்கால் போடாமல் நாட்கணக்கால் போடுவோம். தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் கூலிக்குக் குறைந்து எந்தப் போர்வையும் விலைபோகக் கூடாது. அந்த விலைக்கு நெடுங்கண்டம் சந்தையில் வாங்க ஆளில்லை என்பது உண்மை. மூணாற்றிலும் தேக்கடியிலும் விடுதிகள் இருக்கின்றன. போடிநாயக்கனூர் வரை அகல இரயில் பாதை 2023 ஜூன் 15-இல் மீண்டும் திறந்தபின், சென்னை நம் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். போர்வை எடை குறைந்து இடம் மிகுந்த சரக்கு. கூரியர் நிறுவனத்தார் எடையை விட்டுப் பெட்டியின் அளவுக்கே கட்டணம் வாங்குவர். இறுகச் சுருட்டிக் கட்டினால் கட்டணம் பாதியாகும். இது நம் தொழில் தந்த அறிவு.

மூலதனம் பற்றிக் கவலைப்படுவோர்க்கு: கேரள அரசு 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களில் நம் தாய்மார்கள் பலர் ஏற்கெனவே உறுப்பினர். சிறுதொழில் அலகாக அமைந்தால் கடனுக்கு அங்கு வழியுண்டு. ஆனால் முதலில் கடன் வேண்டாம் என்பது நம் கருத்து. பிள்ளைப் போர்வையில் தொடங்குவோம். 36 அங்குலச் சதுரம். 3 அங்குலத் துண்டுகள் 144. இரண்டு சேலையும் நாலைந்து சட்டைத் துண்டும் போதும். விற்காவிட்டாலும் காலனியில் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன!

வரும் ஞாயிறு முற்பகல் பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுகிறோம். கடையில் எதுவும் வாங்கி வர வேண்டாம்; கோலநோட்டும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் மட்டும் கொண்டு வாருங்கள். தாமரைப் போர்வை தைத்த சகோதரி துண்டு வெட்டக் கற்றுத்தர இசைந்திருக்கிறார். பேரேட்டின் முதற்பக்கத்தை அவர் பெயருக்கென்று விட்டு வைத்திருக்கிறோம். செயற்குழுவில் நகைத்த அன்பர்களும் தவறாமல் வர வேண்டும். 144 துண்டுகளையும் தைக்குமுன் எண்ணி, நிறம் பார்த்து அடுக்கித்தர ஆள் போதவில்லை.